பி.எட். பயிற்சிக்கு முதன்முதலாகப் பள்ளிக்குப் போகிறவருக்கு

இரண்டாம் ஆண்டு பி.எட். படிக்கும் ஒரு மாணவி கேட்டிருக்கிறார்: "அடுத்த வாரம் ஒரு கிராமத்து அரசு உயர்நிலைப் பள்ளிக்குக் கற்பித்தல் பயிற்சிக்குப் போகிறேன். ஒன்பதாம் வகுப்பு அறிவியல் கொடுப்பார்கள் போலிருக்கிறது. பிள்ளைகள் மதிப்பார்களா, வகுப்பு கட்டுக்குள் இருக்குமா என்று நினைத்தாலே தூக்கம் வருவதில்லை. எங்கிருந்து தொடங்குவது? ஒருவேளை இந்த வேலை எனக்கு ஒத்துவராதோ?"

கடைசிக் கேள்விக்குக் கடைசியில் வருகிறேன். அதற்கு முன் என்னைப் பற்றி ஒரு வரி. அரசுப் பள்ளியில் 24 ஆண்டுகளாக அறிவியல் நடத்துகிறேன். பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளாக ஒவ்வோர் ஆண்டும் பி.எட். பிள்ளைகள் என் வகுப்பில்தான் பயிற்சி எடுக்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் முதல் நாள் கேட்பதும் நீங்கள் கேட்டதையேதான்.

நான் பயிற்சிக்குப் போன முதல் வகுப்பும் ஒன்பதாம் வகுப்புதான். இயக்கம் பற்றிய பாடம்: தொலைவு, இடப்பெயர்ச்சி, வேகம், திசைவேகம். பன்னிரண்டு பக்கம் எழுதி, வீட்டில் நிலைக்கண்ணாடி முன் நின்று சொல்லிப் பார்த்துவிட்டுப் போனேன். 45 நிமிடப் பாடம் 18 நிமிடத்தில் முடிந்துவிட்டது. "புரிஞ்சுதா?" என்றேன். "புரிஞ்சுது மிஸ்" என்று வகுப்பே ஒரே குரலில் சொன்னது. மீதி நேரத்தில் என்ன செய்வதென்று தெரியாமல் அதே பாடத்தை மறுபடி சொன்னேன். மாலையில் என் வழிகாட்டி ஆசிரியை ஐந்து நோட்டுகளைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். "இதைப் பாரும்மா" என்றார், அவ்வளவுதான். ஒரு நோட்டில் தேதி மட்டும் இருந்தது. ஒன்றில் சூத்திரத்தின் இடது பக்கம் இருந்தது, வலது பக்கம் இல்லை. இரண்டில் தொலைவுக்கும் இடப்பெயர்ச்சிக்கும் ஒரே விளக்கம். ஐந்தாவதில் படம் சரியாக இருந்தது, ஆனால் அம்புக்குறி எதிர்த்திசையில் போனது. "நீ நடத்தின பாடம் இந்த அஞ்சு நோட்டுலயும் இருக்கிற பாடம்தான்" என்றார் அந்த அம்மா. திட்டுகிற குரலில் சொல்லவில்லை. எனக்கு அன்று கிடைத்ததை அப்படியே உங்களுக்கும் தருகிறேன்: வகுப்பு முடிந்ததும் ஐந்து நோட்டுகளை வாங்கிப் பாருங்கள். தினமும் பாருங்கள். வேறு வேறு ஐந்து பேருடையதாக இருக்கட்டும். கீழே எழுதப்போவதில் பாதி இதிலிருந்து வந்ததுதான்.

உங்களுக்குக் கிடைத்திருக்கும் காலம் நல்ல காலம். நாங்கள் படித்தபோது பி.எட். ஓராண்டுதான். பள்ளியில் கால் ஊன்றுவதற்குள் பயிற்சி முடிந்துவிடும். தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் 2014இல் கொண்டுவந்த விதிமுறைகளுக்குப் பிறகு படிப்பு ஈராண்டாயிற்று. பள்ளியோடு இருக்க வேண்டிய காலம் குறைந்தது 20 வாரம், அதில் இரண்டாம் ஆண்டில் மட்டும் 16 வாரம். 16 வாரம் கொஞ்ச நாளில்லை. ஒரு பருவத்தின் தொடக்கத்தில் எழுதத் திணறிய பிள்ளை அதன் முடிவில் எங்கே நிற்கிறது என்று கண்ணால் பார்க்கலாம். எனவே முதல் நாளே எல்லாவற்றையும் நிரூபிக்க வேண்டும் என்ற அவசரம் வேண்டாம்.

முதல் வாரத்தில் பெரும்பாலும் வகுப்புகளைப் பார்க்கத்தான் சொல்வார்கள். பலர் அதைச் சும்மா இருக்கும் வாரம் என்று எடுத்துக்கொண்டு ஆசிரியர் அறையில் கல்லூரிக்குக் கொடுக்க வேண்டிய பயிற்சி ரெக்கார்டு எழுதுகிறார்கள். அப்படிச் செய்யாதீர்கள். உங்களுக்குக் கொடுக்கப்போகும் வகுப்பில், கடைசி பெஞ்சில், ஒரு நாள் முழுக்க உட்காருங்கள். முதல் பீரியடிலிருந்து கடைசி மணி அடிக்கும் வரை, எந்த ஆசிரியர் வந்தாலும் நீங்கள் அங்கேயே இருக்க வேண்டும். ஒரு பிள்ளைக்கு ஒரு நாள் எப்படிப் போகிறது என்பது ஆசிரியர் நாற்காலியில் இருந்து பார்த்தால் தெரிவதில்லை. இரண்டாவது பீரியடில் துள்ளும் வகுப்பு, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு எப்படித் தொய்ந்துபோகிறது என்று பாருங்கள். மூன்றாவது பீரியடில் ஒரு பையன் மேசையில் தலை சாய்த்தால் சோம்பேறி என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அரசின் காலை உணவுத் திட்டம் ஐந்தாம் வகுப்போடு நிற்கிறது. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்குப் பள்ளியில் மதிய உணவுதான். முதல் பஸ்ஸைப் பிடிக்க வீட்டில் ஒன்றும் சாப்பிடாமல் வரும் பிள்ளைகள் எல்லாப் பள்ளியிலும் உண்டு.

அந்த வாரத்திலேயே பெயர்களை மனப்பாடம் செய்துவிடுங்கள். ஒரு தாளில் பெஞ்சுகளை வரைந்து, யார் எங்கே உட்காருகிறார் என்று குறித்துக்கொண்டால் மூன்று நாளில் வந்துவிடும். முதல் வகுப்பு எடுக்கும்போது, கையில் பட்டியல் இல்லாமல் நான்காவது வரிசைப் பெண்ணைப் பெயர் சொல்லிக் கேள்வி கேட்டுப் பாருங்கள். அந்த வரிசையே நிமிர்ந்து உட்காரும். பிள்ளைகள் மதிப்பார்களா என்று கேட்டீர்களே, அது பெரும்பாலும் இப்படித்தான் ஆரம்பிக்கிறது.

சரி, பாடத்துக்கு வருவோம். உங்கள் கல்லூரி கொடுக்கும் பாடத்திட்டப் படிவத்தில் ஆசிரியர் செயல்பாடு, மாணவர் செயல்பாடு என்று இரண்டு கட்டங்கள் இருக்கும். நான் பார்த்த படிவங்களில் ஆசிரியர் பக்கம் நிரம்பி வழியும். மாணவர் பக்கத்தில் "கவனிக்கின்றனர்", "உற்றுநோக்குகின்றனர்", "விடையளிக்கின்றனர்" என்ற மூன்று சொற்களே திரும்பத் திரும்ப வரும். 40 பிள்ளைகள் 45 நிமிடம் கவனித்துக்கொண்டே இருப்பார்கள் என்று நாமே எழுதி, நாமே நம்புகிறோம். என் வகுப்புக்கு வருபவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: மாணவர் கட்டத்தை முதலில் நிரப்புங்கள். இந்தப் பத்து நிமிடத்தில் பிள்ளையின் கை என்ன செய்கிறது? எழுதுகிறதா, அளக்கிறதா, வரைகிறதா, பக்கத்துப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கிறதா? அது முடிவானபின் நீங்கள் என்ன பேச வேண்டும் என்று எழுதுங்கள். பேச்சு தானாகக் குறைந்துவிடும்.

ஒரு உதாரணம் சொல்கிறேன். ஒன்பதாம் வகுப்பு அறிவியலின் முதல் அலகு அளவீடு. அதில் சின்ன நீளங்களைத் துல்லியமாக அளக்கும் வெர்னியர் அளவி என்ற கருவி வருகிறது. பள்ளியில் ஒன்றோ இரண்டோதான் இருக்கும். அதைத் தூக்கிக் காட்டி, "இதுதான் முதன்மைக் கோல், இது வெர்னியர் கோல், மீச்சிற்றளவு, அதாவது இதால் அளக்க முடிந்த மிகச் சிறிய அளவு, 0.01 செ.மீ." என்று சொன்னால், மூன்றாவது வரிசைக்குப் பின்னால் இருப்பவர்களுக்கு அது ஒரு பளபளக்கும் இரும்பு, அவ்வளவுதான். போன ஆண்டுக்கு முந்தைய ஆண்டு வந்த ஒரு பயிற்சி ஆசிரியை பழைய காலண்டர் அட்டைகளைக் கொண்டுவந்தார். இரண்டு பேருக்கு ஒரு அட்டை. அதில் 20 செ.மீ. நீளத்துக்கு ஒரு பட்டை வெட்டி, ஒவ்வொரு செ.மீ.க்கும் ஒரு கோடு போடச் சொன்னார். இடையில் மில்லிமீட்டர் கோடு கூடாது. இன்னொரு பட்டையில் 9 செ.மீ. நீளத்தைப் பத்துச் சம பாகமாகப் பிரிக்கச் சொன்னார். ஒரு பாகம் 0.9 செ.மீ. ஆக, கோடுகள் 0.9, 1.8, 2.7 என்று விழும். இரண்டையும் ஒட்டி வைத்து நகர்த்தினால் அதுதான் வெர்னியர். கருவியில் இருப்பதைவிடப் பத்து மடங்கு பெரியது, அவ்வளவே வித்தியாசம்.

அப்புறம் தேய்ந்த பென்சிலை அளக்கச் சொன்னார். வெர்னியரின் சுழிக்கோடு, அதாவது தொடக்கக் கோடு, 7ஐத் தாண்டி நிற்கிறது, நான்காவது கோடு முதன்மைக் கோலின் ஒரு கோட்டோடு நேராக ஒன்றுகிறது. அப்படியென்றால் 7.4 செ.மீ. "சரியா தப்பான்னு நீங்களே பாருங்க" என்று சாதாரண ஸ்கேலைக் கொடுத்தார். ஸ்கேலில் மில்லிமீட்டர் கோடு இருக்கிறதல்லவா, 7.4 என்று அப்படியே வந்தது. அந்த நேரத்தில் வகுப்பில் எழுந்த சத்தத்தைக் கேட்டுப் பக்கத்து வகுப்பு ஆசிரியர் எட்டிப் பார்த்தார். மில்லிமீட்டர் கோடே இல்லாத அட்டை மில்லிமீட்டரைச் சொல்கிறது! ஒரு பெண், "இதை யாரு மிஸ் கண்டுபிடிச்சாங்க?" என்று கேட்டாள். பியர் வெர்னியர் என்ற பிரெஞ்சுக்காரர் 1631இல் இதைப் பற்றி எழுதினார் என்பதும், கருவியின் பெயரே ஒரு ஆளின் பெயர் என்பதும் அப்போது சொன்னதால் நின்றது. பாடத்தின் தொடக்கத்தில் சொல்லியிருந்தால் யாருக்கும் நினைவிருந்திருக்காது. மறுநாள் உண்மையான அளவியைக் கையில் கொடுத்தபோது 10 பாகம் 9 மி.மீ. என்பதை அவர்களே சொன்னார்கள்.

இதற்கெல்லாம் நேரம் எங்கே, பாடம் முடிக்க வேண்டாமா என்பீர்கள். பத்தாம் வகுப்பில் பொதுத்தேர்வு அவசரம் இருக்கும், உண்மை. எல்லாப் பாடத்தையும் இப்படி நடத்த யாராலும் முடியாது. ஒரு அலகில் எங்கே பிள்ளை தடுக்கி விழுமோ அந்த ஒரு இடத்துக்கு இப்படி ஒரு பீரியட் கொடுங்கள். மற்றவற்றை வேகமாக நடத்தலாம். எந்த இடம் என்று உங்கள் வழிகாட்டி ஆசிரியரிடம் கேளுங்கள். அவருக்குத் தெரியும், கேட்டால் சந்தோஷமாகச் சொல்வார்.

"புரிஞ்சுதா?" என்ற கேள்வியை இன்றோடு விட்டுவிடுங்கள். அதற்கு ஒரே பதில்தான் உண்டு. அதற்குப் பதிலாகச் சின்னக் கேள்வி ஒன்றைப் பலகையில் எழுதி, எல்லாரையும் நோட்டில் விடை எழுதச் சொல்லிவிட்டு பெஞ்சுகளுக்கு இடையே ஒரு சுற்று வாருங்கள். வாயால் கேட்கும் கேள்வி என்றால், கேட்டபின் காத்திருங்கள். மேரி பட் ரோவ் என்ற அமெரிக்க ஆய்வாளர் அறிவியல் வகுப்புகளின் ஒலிப்பதிவுகளை வைத்து இதை ஆராய்ந்தார். கேள்வி கேட்டபின் ஆசிரியர்கள் சராசரியாக ஒரு வினாடிதான் காத்திருந்தார்கள். அதை மூன்று வினாடியாக நீட்டியபோது பிள்ளைகளின் பதில்கள் நீண்டன, அதுவரை வாய் திறக்காதவர்களும் பேசினார்கள். மூன்று வினாடி கேட்பதற்குச் சின்னதாகத்தான் இருக்கிறது. முதல்முறை நிற்கும்போது அந்த மௌனம் வயிற்றைக் கலக்கும். மனதுக்குள் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணுங்கள். முன் பெஞ்சில் கை தூக்கும் இரண்டு பேரையும் கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள். கல்லூரியில் தோழிகளையே மாணவர்களாக வைத்துச் சில நிமிடம் நடத்திப் பார்த்த நுண்ணிலைக் கற்பித்தலில் இந்தப் பழக்கம் வராது. அங்கே மாணவராக நடித்த உங்கள் தோழிக்கு விடை முன்பே தெரியும்.

கரும்பலகை பற்றி ஒரே வார்த்தை: காலையில் வகுப்பு ஆரம்பிப்பதற்கு முன் ஒரு வரி எழுதிவிட்டு, கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்து படித்துப் பாருங்கள். ஜன்னல் வெளிச்சம் எந்த மூலையில் அடிக்கிறது என்றும் அப்போதே தெரிந்துவிடும்.

இனி உங்கள் பெரிய பயம். வகுப்பில் யாராவது உங்களைச் சோதிப்பார்கள், நிச்சயம். "மிஸ், உங்க ஊர் எது? கல்யாணம் ஆயிடுச்சா மிஸ்?" என்பார்கள். நீங்கள் ட்ரெயினிங் மிஸ், மார்க் போடுவது நீங்கள் இல்லை என்பது அவர்களுக்குத் தெரியும். ஊர்ப் பெயரைச் சொல்லிவிட்டு, சிரித்த முகத்தோடு பாடத்துக்குத் திரும்பிவிடுங்கள். வகுப்பு இரைந்தால் அதற்கு மேல் குரல் எழுப்பாதீர்கள். இரண்டு நாளில் தொண்டை கட்டிவிடும், மூன்றாம் நாள் அவர்களும் குரலை உயர்த்துவார்கள். பேச்சை நிறுத்திவிட்டு, சத்தம் வரும் பெஞ்சுக்குப் பக்கத்தில் போய் நின்று, அங்கிருந்தே பாடத்தைத் தொடருங்கள். தனியாகச் சொல்ல வேண்டியதை வகுப்பு முடிந்து வராந்தாவில் வைத்துச் சொல்லுங்கள். நாற்பது பேர் முன்னால் அவமானப்பட்ட பதினான்கு வயதுப் பையன் திருப்பிக் கொடுக்காமல் விடமாட்டான், அந்த வயசு அப்படி. சின்ன விஷயத்துக்கெல்லாம் தலைமை ஆசிரியரிடம் அனுப்பினால், உங்களால் முடியவில்லை என்று நீங்களே அறிவித்த மாதிரி ஆகிவிடும்.

அடிப்பது கூடவே கூடாது. காதைத் திருகுவது, முட்டி போடச் சொல்வது, சாதியையோ அப்பாவின் தொழிலையோ இழுத்துப் பேசுவது எதுவும் கூடாது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 17ஆம் பிரிவில் உடல் தண்டனையையும் மன வேதனை தருவதையும் தடை செய்திருக்கிறது. சட்டத்துக்காக மட்டும் சொல்லவில்லை. அடி வாங்கிய பிள்ளை அடுத்த நாள் நோட்டை மறைத்து வைக்கும். மறைத்த நோட்டிலிருந்து உங்களுக்கு எதுவும் தெரிய வராது.

அடங்காத பிள்ளை என்று நாம் நினைப்பதற்குப் பின்னால் வேறு என்ன இருக்கலாம் என்பதற்கு ஒரு நிகழ்ச்சி. என்னிடம் பயிற்சிக்கு வந்த ஒருவர் மூன்றாவது வாரம் வருத்தத்தோடு வந்தார். "மேடம், அந்தக் கடைசி பெஞ்சுப் பையன் வேணும்னே பதில் சொல்ல மாட்டேங்கிறான். எழுப்பினா சிரிக்கிறான்" என்றார். நோட்டைப் பார்த்தீர்களா என்று கேட்டேன். "நோட்டு சூப்பரா இருக்கு மேடம், அதனாலதான் கோபமே வருது." இருவருமாக வாங்கிப் பார்த்தோம். முத்து முத்தான எழுத்து. ஒரு பக்கத்தில் "மீச்சிற்றளவு" என்பதற்குப் பதில் "மீச்சிறளவு" என்று இருந்தது. அன்று பலகையில் அவசரத்தில் அவர் தவறாக எழுதி, கொஞ்ச நேரம் கழித்துத் திருத்திய சொல் அது. மற்றவர்கள் கேட்டுத் திருத்திக்கொண்டார்கள், அல்லது முதலிலேயே சரியாக எழுதிவிட்டார்கள். இவன் பலகையில் இருந்ததைப் படம் போல வரைந்திருக்கிறான். மதியம் தனியாகக் கூப்பிட்டு அந்த வரியைப் படிக்கச் சொன்னார். விரலை வைத்து ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னான், எழுத்துகளைச் சேர்த்துச் சொல்லாக்க அவனால் முடியவில்லை. ஒன்பதாம் வகுப்பு வரை அந்த அழகான கையெழுத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டே வந்திருக்கிறான். சிரித்தது திமிரால் இல்லை, படிக்கச் சொல்லிவிடுவார்களோ என்ற பயத்தால்.

அன்றிலிருந்து தினமும் சாப்பாட்டு இடைவேளையில் பத்து நிமிடம், சத்துணவுக் கூடத்துக்குப் பக்கத்து வேப்பமரத்தடியில் அவனோடு உட்கார்ந்தார். பாடப்புத்தகத்தை எடுக்கவில்லை. அவன் வரும் பஸ்ஸில் எழுதியிருக்கும் ஊர்ப் பெயர்கள், கடைப் பலகைகள், கிரிக்கெட் செய்தித் தலைப்புகள் இவைதான். பயிற்சி முடியும்போது அவன் பெரிய படிப்பாளி ஆகிவிடவில்லை. வினாத்தாளில் உள்ள கேள்வியைத் தானே படித்து, எந்த விடை என்று கண்டுபிடிக்கும் அளவுக்கு வந்தான். வகுப்பில் கண்ட ஒரு சிக்கலுக்குத் தீர்வு செய்து பார்த்து எழுதும் செயல் ஆய்வு அறிக்கையாகவும் அந்த ஆசிரியைக்கு அதுவே ஆனது. உங்களுக்கும் செயல் ஆய்வு, ஒரே ஒரு பிள்ளையைப் பற்றிய தனியாள் ஆய்வு எல்லாம் எழுத வேண்டியிருக்கும். சீனியர் கொடுத்த பழைய ரெக்கார்டைப் பார்த்து எழுதும் பழக்கம் எங்கும் இருக்கிறது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். உங்கள் வகுப்பிலேயே ஒரு உண்மையான பிள்ளை இருக்கும்போது இல்லாத பிள்ளையைப் பற்றி ஏன் எழுத வேண்டும்? அறிக்கையில் பிள்ளையின் பெயரை மட்டும் மாற்றிவிடுங்கள்.

பள்ளி நிர்வாகம் சார்ந்தவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். காலை வழிபாட்டுக் கூட்டத்துக்கு முன்பே போய்விடுங்கள். ஆசிரியர் அறையில் எந்த நாற்காலி யாருடையது என்று கேட்டு உட்காருங்கள். ஒருவரைப் பற்றி இன்னொருவர் சொல்வதைக் காதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். விடுப்பில் இருக்கும் ஆசிரியரின் வகுப்புக்கு உங்களை அனுப்புவார்கள், அதற்கென்று எந்தப் பொருளும் தேவைப்படாத ஒரு பீரியட் வேலை எப்போதும் கையில் இருக்கட்டும். மாணவர் விவரங்களை இணையத்தில் ஏற்றும் எமிஸ் பதிவுக்கும் உதவி கேட்பார்கள். செய்யுங்கள், ஆனால் உங்கள் பீரியட் அதனால் போகிறது என்றால் கல்லூரியிலிருந்து வரும் மேற்பார்வையாளரிடம் பணிவாகச் சொல்லிவிடுங்கள். ரெக்கார்டை அன்றன்றைக்கே எழுதுங்கள்.

இரண்டு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். உங்களுக்கு 22 வயது, அவர்களுக்கு 14, 15. உங்கள் போன் நம்பரைக் கொடுக்க வேண்டாம், இன்ஸ்டாகிராம் அழைப்பை ஏற்க வேண்டாம். நல்ல பிள்ளைதானே என்று விதிவிலக்கு வைக்காதீர்கள். இரண்டாவது, பயிற்சி ஆசிரியைகளிடம் பிள்ளைகள் மனம் திறந்து பேசிவிடும், முக்கியமாகப் பெண் பிள்ளைகள். யாராவது தன்னைத் தவறாகத் தொட்டார் என்றோ, துன்புறுத்துகிறார் என்றோ ஒரு பிள்ளை சொல்ல வந்தால், "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். குறுக்குக் கேள்வி கேட்காமல் முழுக்கக் கேளுங்கள். "சொன்னது நல்லதுமா, உனக்கு உதவி செய்யறவங்ககிட்ட சொல்லப்போறேன்" என்று சொல்லுங்கள். அன்றே வழிகாட்டி ஆசிரியரிடமும் தலைமை ஆசிரியரிடமும் தெரிவியுங்கள். பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி தெரிந்தும் புகார் செய்யாமல் இருப்பது குற்றம். குழந்தைகளுக்கான உதவி எண் 1098. பள்ளிக்கல்வித் துறையின் உதவி எண் 14417. இரண்டையும் நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிவையுங்கள். பள்ளியில் யாரும் காது கொடுக்கவில்லை என்றால் நீங்களே 1098க்குக் கூப்பிடலாம்.

இனி உங்கள் கடைசிக் கேள்வி, இந்த வேலை ஒத்துவருமா என்பது. இரண்டாவது, மூன்றாவது வாரத்தில் ஒரு நாள் மிக மோசமாகப் போகும். அழுகைகூட வரும். எனக்கு வந்தது. அந்த நாளை வைத்து முடிவு செய்யாதீர்கள். முதல் நாள் பார்த்த ஐந்து நோட்டுகளின் பக்கத்தை அன்றே போனில் படம் எடுத்து வைத்திருங்கள். ஆறாவது வாரம் அதே ஐந்து பேரின் நோட்டையும் வாங்கி, பழைய படத்தோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தேதி மட்டும் எழுதியிருந்த நோட்டில் இப்போது எத்தனை வரி இருக்கிறது? அதைப் பார்க்கும்போது உங்கள் மனதில் என்ன தோன்றியது என்று எனக்கு எழுதுங்கள். அப்போது இந்தக் கேள்வியைப் பற்றிப் பேசலாம்.